மவுஸ் இல்லாத ஆபீஸ்

கொரோனா வருவதற்கு முந்தைய வருடம் அது. திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சாம்பிள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். பனியன் கம்பெனி என்றதும் வெளியூர்க்காரர்கள் சட்டைக்கு உள்ளே போடுவதை மட்டும் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் தைத்தது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்குமான டீ-சர்ட், இரவு உடுப்பு வகையறாக்கள். ஒரு ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னால் மாதிரி உடுப்பு தைத்து, அளவு சரிபார்த்து, பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அது ஓகே ஆனால்தான் மற்றவர்களுக்கெல்லாம் வேலை. அதனால் ஆபீஸில் என் மேல் எல்லோருக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. எனக்கே என் மேல் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

நான் படித்து வந்தவன் அல்ல. சாமளாபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் துணி வெட்டும் மேஜைக்கு வந்தவன். கட்டிங் மாஸ்டராகப் பல வருடம் ஓடியது. பிறகு கம்பெனி வளர்ந்து, மாதிரி வரைவது, அளவு பார்ப்பது எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது நானும் முட்டி மோதி அதைக் கற்றுக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆனால் மாஸ்டர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஸ்கேல் இல்லாமலே சாக்பீஸால் துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேர்கோடு போடுவேன். புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் கேட்டார்களோ இல்லையோ, ஒருமுறை போட்டுக் காட்டிவிடுவேன். அவ்வளவு பெருமை எனக்கு என் கையைப் பற்றி.

அந்த வலது கைதான் நடுங்க ஆரம்பித்தது.

சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. எதையாவது பிடித்து ஒரு காரியம் செய்யப் போனால்தான் ஆட்டம் தொடங்கும். முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. பிறகு வீட்டில் மோர் ஊற்றும்போது. அப்புறம் மவுஸில் கை வைத்தபோதெல்லாம். கால்குலேட்டரைத் திறக்கலாம் என்று அம்புக்குறியை அதன் ஐகானுக்குக் கொண்டுபோனால், அது சந்தைக்கு வந்த கன்றுக்குட்டி மாதிரி நிற்கிற இடத்தில் நிற்காது. இரண்டு தட்டுத் தட்டினால் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று திறக்கும். இல்லாவிட்டால் ஐகானே அம்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு வந்து எங்கேயாவது போய் விழும். ஒரு நாள் மெயில் ஐகானையே இழுத்துக்கொண்டு போய்த் திரையில் இருக்கும் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டேன். அதைத் தேடியே அன்றைய காலை முழுவதும் போனது.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் தினமும் கேட்டாள். ஆனால் எங்கள் ஊரில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆணுக்குக் கை நடுங்கினால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல மாட்டார்கள். காலையில் ஒயின்ஷாப் பக்கம் போகவில்லையா என்று கண்ணடிப்பார்கள். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் அதை யாரிடம் போய் நிரூபிப்பது? எங்கள் கம்பெனியிலேயே முன்பு பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஒருவர், அருமையான வேலைக்காரர், குடியால் கை நடுங்கித்தான் வெளியே போனார். ஓனர் அந்த விஷயத்தில் மட்டும் இரக்கமே பார்க்க மாட்டார். இன்னொரு பயமும் இருந்தது. டாக்டர் ஏதாவது பெரிய வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? படிப்பு இல்லாதவனுக்கு அந்த இடம் ஒருமுறைதான் கிடைக்கும். கை போய்விட்டது என்று பேச்சுக் கிளம்பினால் திருப்பூரில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

அதனால் ஒரு பொய் சொன்னேன். "மவுஸ்ல பஞ்சு அடைச்சிருச்சு."

எங்கள் ஊரில் இதைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடின. பின்பக்கம் துணி வெட்டும் பிரிவு. ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் மெல்லிய பஞ்சு எப்படியோ உள்ளே வந்துவிடும். காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். மவுஸின் அடியில் வெளிச்சம் வரும் ஓட்டைக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டால் அம்புக்குறி நிஜமாகவே துள்ளும். அதனால் நான் மவுஸைத் திருப்பிப் பிடித்து ஊதுவதும், சட்டை நுனியில் துடைப்பதும், பிறகு சலித்துக்கொண்டு புதிது கேட்பதுமாக இருந்தேன். கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். புது மவுஸ் வாங்க அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்களுக்கு மட்டும் எப்படீங்க மாஸ்டர், மவுஸு இப்படி அடிக்கடி சாகுது?" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ற மேஜைதானுங்க கட்டிங்குக்குப் பக்கம்" என்றேன். மனிதர் நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

எனக்கு எதிர் மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பையர்களோடு மெயிலில் பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. சொந்த ஊர் மூலனூர். இங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு கட்டு முருங்கைக்காயோடுதான் வருவாள். ஆபீஸில் எல்லோருடைய மேஜையிலும் ஆளுக்கு ஒரு பிடி வைத்துவிட்டுப் போய்விடுவாள், வேண்டுமா என்றுகூடக் கேட்க மாட்டாள். அவள் யோசனைகளும் அப்படித்தான் வரும். ஜன்னலுக்குத் திரை போடு, பைலுக்கெல்லாம் கலர் ஒட்டு என்று ஏதாவது ஒன்றை ஆரம்பித்து மொத்த ஆபீஸையும் இழுத்துவிடுவாள். எனக்கு அவள் மேல் பாசமும் உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஒரு நாள் காலையில் நான் மவுஸை ஊதிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"மாஸ்டரண்ணா, எனக்கும் இதே கூத்துதானுங்க. அம்பு நெம்பக் குதிக்குது. இந்தப் பஞ்சுல மவுஸை வெச்சுட்டு மாரடிக்க முடியாதுங்க. பேசாம அதைத் தூக்கி உள்ள வெச்சுப்போட்டு கீபோர்டுலயே எல்லாத்தையும் திறந்தா என்னுங்க?"

"அதெப்படிம்மா ஆகும்?"

"ஆகுங்க. தள்ளி உக்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் இருந்த கால்குலேட்டர் ஐகானின் பிராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒரு எழுத்தை மட்டும் அழுத்தினால், அதற்கு முன்னால் கன்ட்ரோலும் ஆல்ட்டும் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன. ஓகே கொடுத்தாள். பிறகு அந்த மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். இடது கையால் இரண்டை அமுக்கிப் பிடித்து, வலது மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றி ஒரு விரலால் எழுத்தைத் தட்டினேன். கால்குலேட்டர் திறந்தது. அம்புக்குறியைத் துரத்த வேண்டியதில்லை, குறிபார்த்துத் தட்ட வேண்டியதில்லை. எனக்கு அழுகையே வரும்போல் இருந்தது. தும்மல் வருவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் எந்த எழுத்துக்கு எது என்பது. அந்தந்த புரோகிராமின் இங்கிலீஷ் பெயரில் முதல் எழுத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு அந்தப் பெயர்களே வாயில் நுழையாது. சரிப்பட்டு வரவில்லை. அழுத்தின எழுத்துக்கு வேறு ஏதாவது வந்து நின்றது.

"உங்களுக்கு எது தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மறக்காதுங்க?" என்று கேட்டாள்.

என் மேஜை மேல் சைஸ் லேபிள் சுருள்கள் கிடந்தன. பின்கழுத்தில் வைத்துத் தைக்கிற சின்னத் துண்டுகள். எஸ், எம், எல், எக்ஸ்எல். இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவை. நான் சுருளை எடுத்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் கணக்குப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

திரையில் எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை வைத்து அளவு பிரித்தோம். கால்குலேட்டர் ஒரு மூலையில் வந்து நிற்கும், அது ஸ்மால். மெயில் மீடியம். விலைக் கணக்குப் போடும் பெரிய தாள் லார்ஜ். மாதிரி வரைகிற புரோகிராம் திரையையே முழுங்கிவிடும், அதற்கு எக்ஸ். அன்று மத்தியானத்துக்குள் எனக்குப் பாடமாகிவிட்டது. உள்ளே போன பிறகு அம்புக் கீகளாலும் டேப் கீயாலும் நகர்வதையும், மாதிரியின் அளவுகளை எண்ணாகவே தட்டி மாற்றுவதையும் அடுத்தடுத்த நாட்களில் சொல்லிக் கொடுத்தாள்.

அதோடு விட்டிருந்தால் அது அவள் குணமே இல்லை. அந்த வாரமே ஆபீஸ் முழுக்க ஆரம்பித்துவிட்டாள். பஞ்சு எல்லோருக்கும்தானே தொல்லை, எல்லோரும் மவுஸை உள்ளே வையுங்கள் என்று மேஜை மேஜையாகப் போனாள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே நான்கு எழுத்துகளைப் போட்டாள். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் உட்காரலாம் பாருங்கள் என்று அதற்கொரு நியாயம். முருங்கைக்காய் வாங்கிக்கொள்கிற மாதிரி எல்லோரும் அதையும் வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் மவுஸின் வயரைச் சுருட்டி இழுப்பறைக்குள் போட்டார்கள்.

கணக்குப் பெரியவர்தான் பாவம். மவுஸைப் பிடித்துக்கொண்டே அரைத் தூக்கம் தூங்குகிறவர் அவர். "ஏங்கண்ணு, இந்த வயசுல எனக்கெதுக்கு இந்தத் தண்டனை" என்று புலம்புவார். பிறகு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், சட்டென்று நிறுத்திக்கொள்வார். என்னைப் பார்த்தாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறார் போல என எடுத்துக்கொண்டேன். தலைக்கனம் ஏறிப்போய் அவருக்குப் பாடம் வேறு எடுத்தேன். "கன்ட்ரோலை விடாம புடிங்க, அப்பறம் லார்ஜைத் தட்டுங்க, அவ்வளவுதானுங்க" என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்வேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள்தான் எவ்வளவு நன்றாக இருந்தன. அயர்ன் டேபிளின் நீராவி வாசனை, பக்கத்துக் கட்டிடத்து மெஷின்களின் ஒரே சீரான சத்தம், அதற்கு நடுவே எங்கள் ஆபீஸின் புதுப் பாஷை. "மீடியத்துல ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்றால் பையர் மெயில் அனுப்பினாரா என்று அர்த்தம். "ஒருக்கா ஸ்மாலைப் போட்டுப் பாருங்க" என்றால் கணக்குப் பார். வெளியிலிருந்து வரும் நூல் வியாபாரிகள் நாங்கள் ஏதோ சரக்கு அளவு பேசுகிறோம் என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலமானால் மடமடவென்று கீபோர்டுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அந்த ஆபீஸிலேயே நான்தான் வேகம் என்று ஒரு நினைப்பு.

ஒரே ஒரு குறை, டீ. தினமும் டீ கொண்டுவரும் அக்கா திடீரென்று எனக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்ற ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு வழிய வழிய, எனக்குப் பாதி. கேட்டால் கௌரவக் குறைவு என்று பேசாமல் குடித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் பொருமினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஓனர் என்னைக் கூப்பிட்டார். புதுப் பையரின் ஆட்கள் நேரில் வருகிறார்கள், கூட்ட அறையில் பெரிய டிவியில் போட்டு மாதிரிகளை நீங்கள்தான் விளக்க வேண்டும் என்றார். என் மேஜைத் திரையில் அம்புக்குறி ஆடினால் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அறையில் இருந்தது சுவரை அடைக்கிற டிவி. அதில் என் நடுக்கம் எல்லோருக்கும் முன்னால், உள்ளங்கை அகல அம்புக்குறியாக ஆடும். கூட்ட அறையில் இருந்ததோ வேறு கம்ப்யூட்டர். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். போட்டிருந்தால் அடுத்த முறை அந்த வேலை வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

அன்று காலையில் கூட்ட அறைக்குள் போனேன். மவுஸைக் காணோம். அதன் இடத்தில் சுத்தமாகத் துடைத்த மேஜையும் கீபோர்டும் மட்டும் இருந்தன. மூலனூர்ப் பெண் வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணா, இந்த மவுஸ்லயும் பஞ்சுங்க. எடுத்து வெச்சுட்டேன். நாலு சைஸும் இதுல போட்டாச்சு. மாதிரிப் படமெல்லாம் அம்புக் கீயை அமுக்கினா ஒண்ணொண்ணா வருமுங்க."

ஏசி ஓடும் அந்த அறையில் ஏது பஞ்சு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கும்பிடாத குறையாக உட்கார்ந்தேன்.

வெள்ளைக்காரர் இருவர் வந்தார்கள். கூடவே பெங்களூரிலிருந்து அவர்களுடைய ஆள் ஒருவர். நான் தமிழும் தெரிந்த இங்கிலீஷுமாகப் பேச, அவள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். எக்ஸ் தட்டினேன், மாதிரி வந்தது. லார்ஜ், விலைத் தாள் வந்தது. ஸ்மால், கணக்கு. டிவியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆடுவதற்கு அங்கே அம்புக்குறியே இல்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்போது பெங்களூர்க்காரர் ஒரு படத்தை நிறுத்தச் சொல்லி, மார்பில் அச்சடிக்கிற பூ சரியாக எந்த இடத்தில் வரும், அம்புக்குறியை வைத்துக் காட்டுங்கள் என்றார்.

மவுஸைக் கொண்டுவரச் சொல்வார்கள், கொண்டுவந்தால் கதை முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஓனர் எழுந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக டிவி முன்னால் போய், தன் விரலைத் திரையில் வைத்தார். "இங்கீங்க. காலர்ல இருந்து கீழ, நடு மார்புல. மாஸ்டர் வெச்ச அளவுங்க, ஒரு நூல் மாறாது" என்றார். அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். வந்தவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். கடவுள்தான் ஓனர் உருவத்தில் எழுந்து போனார் என்று நினைத்தேன்.

ஆர்டர் கிடைத்தது. எல்லோரும் போன பிறகு ஓனர் என் தோளில் கை வைத்து, "நல்லாப் பண்ணுனீங்க. ஒடம்பைப் பாத்துக்கங்க மாஸ்டர்" என்றார். எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த ஒரு நிமிடப் பயம் என்னை உலுக்கிவிட்டது. இனி இப்படி ஓட முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த வாரமே மனைவியோடு கோயம்புத்தூர் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு கோடு போடச் சொன்னார். நேர்கோட்டுக்குப் பேர் போன மாஸ்டர் போட்ட கோடு, பிரித்துப்போட்ட பழைய ஸ்வெட்டர் நூல் மாதிரி நெளிந்து கிடந்தது. இன்னும் சில சோதனைகள் செய்தார்கள். கடைசியில் டாக்டர், இது நீங்கள் பயப்படுகிற பெரிய வியாதி இல்லை, கை நடுக்கம் மட்டும்தான், சில பேருக்கு வரும், மாத்திரையில் நன்றாகக் குறையும் என்றார். மனைவி அங்கேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் கையை வெச்சுட்டு இத்தனை நாளா எப்படிக் கம்ப்யூட்டர்ல வேலை பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் நான்கு எழுத்துக் கதையைச் சொன்னேன். பஞ்சுக் கதையையும் சேர்த்தே சொன்னேன்.

"ஆபீஸ்ல யாருக்கும் உங்க நடுக்கம் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

அவர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே சிரித்தார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். பெரிய வியாதி இல்லை என்ற நிம்மதியும், கையில் டாக்டர் சீட்டும் இருந்ததால் தைரியமாக இருந்தது. இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். டீ நேரத்தில் எல்லோரும் மேஜையில் இருந்தபோது எழுந்து நின்றேன்.

"எல்லாருத்துகிட்டயும் ஒண்ணு சொல்லோணுங்க. எனக்குக் கொஞ்ச நாளா வலது கை நடுங்குதுங்க. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். பயப்பட ஒண்ணுமில்லீன்னு சொல்லிட்டாரு. மாத்திரை குடுத்திருக்காரு. மவுஸ்ல பஞ்சு கிஞ்சு ஒண்ணுமில்லீங்க. கைதானுங்க. மறைச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க."

ஐயோ, அப்படியா, எப்போதிருந்து என்றெல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்குப் பெரியவர் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நெம்ப சந்தோசமுங்க மாஸ்டர். நல்லபடியா ஆகட்டும்." கொஞ்சம் தயங்கினார். "அப்ப நாங்க மவுஸை எடுத்துக்கலாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து, வயர் சுற்றியிருந்த மவுஸை எடுத்துப் பிரித்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து சொருகினார். டிங் என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த மேஜையில் இழுப்பறை திறந்தது. அங்கேயும் டிங். அதற்கடுத்து இன்னொன்று. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டே, பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவுடன் பை எடுக்கிற பிள்ளைகள் மாதிரி அவரவர் மவுஸை வெளியே எடுத்தார்கள். எவருடைய மவுஸிலும் ஒரு துளி பஞ்சு இல்லை. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பெருமையாகப் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பெரியவருக்கு நான் எடுத்த பாடம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினார்களா என்று. நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கோபம் எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அங்கேயே நன்றாக அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் மூலனூர்ப் பெண்ணைத் தனியாகக் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று.

"மெயிலைக் குப்பைத்தொட்டியில போட்டீங்களே, அன்னிக்குங்க. நீங்க பஞ்சுன்னு சொன்னீங்க. செரி, பஞ்சாவே இருந்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன். நீங்க ஒருத்தரு மட்டும் மவுஸ் இல்லாம உக்காந்திருந்தா வர்றவங்க போறவங்க கேப்பாங்கல்லங்க. எல்லாருமே இல்லாம உக்காந்துட்டா யாரு கேக்கப் போறாங்க?"

"ஓனருக்கு?"

"அவருகிட்டத்தானுங்க மொதல்ல போனேன். ஆபீஸ்ல எல்லாரும் மவுஸை எடுத்து வெச்சா அவரு கேப்பாருல்லங்க. இது தண்ணி கிண்ணி இல்லீங்க, ஒடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு சொன்னேன். அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா, அவரு கட்டிங் மேஜையில நின்ன காலத்துல இருந்து பாக்கறவன் நான்னு ஒரு சத்தம் போட்டாருங்க. அவரா சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாரு."

அப்போது டீக்கார அக்கா தட்டோடு வந்தார். வழக்கம்போல எனக்கு அரை டம்ளர் வைத்தார். நான் அதைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். இவ்வளவு நாள் இந்த அம்மாவை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

"முழுசா ஊத்துனாச் சிந்துமுங்க சாமி. குடிச்சுட்டு வைங்க, மறுபடியும் ஊத்தறேன்" என்றார். அன்று நான் இரண்டு அரை டம்ளர் குடித்தேன்.

மாத்திரையில் நடுக்கம் நன்றாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, ஆனால் வேலைக்குக் குறுக்கே நிற்பதில்லை. கணக்குப் பெரியவர் ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். மூலனூர்ப் பெண் கல்யாணமாகித் தாராபுரம் பக்கம் போய்விட்டாள். சீசனில் அந்தப் பக்கம் இருந்து வரும் ஆள் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தனுப்புவாள். இப்போதும் வேண்டுமா என்று கேட்பதில்லை. நான் அதே கம்பெனியில், அதே மேஜையில் இருக்கிறேன். கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன. புதிது எது வந்தாலும் அதில் எஸ், எம், எல், எக்ஸ் நான்கையும் முதலில் போட்டுவிடுவேன். வேலைக்குச் சேருபவர்கள் எதற்கு இந்த நான்கு எழுத்து என்று கேட்பார்கள். பஞ்சுக்காக என்று சொல்லி வைப்பேன்.

காலையில் வந்து உட்கார்ந்து, மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றி முதல் கீயைத் தட்டும்போது அந்த டிங், டிங் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகு யாரிடமாவது ஒரு சங்கடம் என் கண்ணில் பட்டால் அதைப் பற்றி அவரிடம் கேட்கத் தோன்றுவதில்லை. என் மேஜை மேல் இருப்பதில் எதை எடுத்து உள்ளே வைத்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.